கை வைத்த தீனி, களம் வைத்த தீனி

திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலில் உச்சிவேளை நெருங்கினால் பாறைமேல் ஒரு கூட்டம் வெயிலைப் பொருட்படுத்தாமல் காத்திருக்கும். சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தோடு பூசகர் வந்து உட்காருவார். வெள்ளை இறகும் மஞ்சள் முகமுமாக இரண்டு கழுகுகள் வட்டமிட்டு இறங்கும். தத்தித் தத்தி அவர் பக்கத்தில் வந்து, வைத்ததைத் தின்றுவிட்டுப் பறந்துபோகும். அவை முனிவர்கள், இந்த மலையில் உண்டு வேறு தலங்களில் நீராடித் திரிகிறவர்கள் என்பது ஐதிகம். பறவையியல் நூல்களில் அவற்றின் பெயர் மஞ்சள்முகப் பாறு. செத்த விலங்கையும் குப்பையையும் தின்று வாழும் பிணந்தின்னிக் கழுகுகளில் உருவத்தில் சிறியது. காட்டுப்பறவை ஒன்றுக்கு மனிதக் கை தினமும் குறித்த நேரத்தில் உணவு வைத்த ஏற்பாடுகளில், எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் இதைவிடப் பெயர்பெற்றது வேறில்லை.

1990-களின் பிற்பகுதியோடு அந்த வரவு நின்றுபோனது. கலி முற்றிவிட்டது என்றார்கள் சிலர். அந்தப் பத்தாண்டில்தான் இந்தியா முழுக்கப் பாறுகள் கொத்துக்கொத்தாக மடிந்துகொண்டிருந்தன. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபெனாக் மருந்துதான் காரணம் என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து ஏற்றிய மாடு செத்து, அந்த இறைச்சியைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் பழுதாகும். சில நாளில் சாவு. 2006-இல் கால்நடை வைத்தியத்தில் அந்த மருந்தை இந்தியா தடைசெய்தது. மஞ்சள்முகப் பாறும் இதே காலத்தில் வேகமாகக் குறைந்த இனம்தான். மலைமேல் பொங்கலுக்குக் குறைவில்லை. மலைக்குக் கீழே, எவரும் படையலாக நினைக்காத இடத்தில், ஊருக்கு வெளியே கிடக்கும் செத்த மாட்டில் பாறுகளின் அன்றாடச் சாப்பாடு நஞ்சாகியிருந்தது.

தோட்டத்துப் பறவைகளுக்குத் தீனி வைப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது இந்த மலையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. நாம் கையால் வைப்பது ஒரு தீனி. நம் தொழிலும் வீடும் வயலும் நம்மை அறியாமல் வைப்பது இன்னொரு தீனி. பறவைகள் பெரும்பாலும் இரண்டாவதை நம்பித்தான் இருந்தன, இருக்கின்றன.

வேப்பூரை எடுத்துக்கொள்வோம். பெரம்பலூர் மாவட்டத்திலும் ஒரு வேப்பூர் உண்டு. நான் சொல்வது கடலூர் மாவட்டத்து வேப்பூர். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை விருத்தாசலம்–சேலம் சாலை வெட்டிக்கொண்டு போகும் இடம். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர்போனது. கிழக்கே விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை. சுற்றிலும் மானாவாரி நிலம், ஏரிப்பாசனம், கிணறு. மழை நன்றாகப் பெய்தால் பசுமை, பொய்த்தால் வெடித்த கரிசல். இந்த ஊர்ப் பக்கத்துப் பறவைகளுக்கு எது சோறு போட்டது?

முதலில் களம். கம்பும் வரகும் கேழ்வரகும் அடித்துத் தூற்றிய காலத்தில் களத்துமேட்டில் சிதறும் மணியைப் பொறுக்கச் சிட்டுக்குருவியும் சில்லையும் மணிப்புறாவும் வரும். அடுத்து வாசல். முறத்தில் புடைக்கும்போது குறுநொய்யும் பதரும் வாசலில் விழும். குருவிக்கென்று யாரும் புடைக்கவில்லை. ஆனாலும் தினமும் வேளை தவறாமல் அதற்குச் சாப்பாடு இருந்தது. கூரையின் எரவாணத்திலும் ஓட்டுக்கு அடியிலும் கூடு. அறுவடையில் முதல் கதிர்களைப் பின்னி வாசல் நிலையில் கட்டுவதும் உண்டு. அது மனம் வைத்துச் செய்த படையல்தான். என்றாலும் கட்டிய கதிரைவிடச் சிந்திய கதிர் பல மடங்கு.

அந்தக் கம்புக் கொல்லைகளில் பெரும்பகுதி இப்போது மக்காச்சோளம். இந்த மாற்றத்தை விலை, விளைச்சல், கோழித்தீவனத் தேவை என்று பேசுகிறார்கள், சரிதான். பறவைக் கணக்கும் ஒன்று உண்டு. கம்பு மணி சில்லையின் அலகுக்கு ஏற்ற அளவு. காய்ந்த மக்காச்சோள மணியைச் சில்லையால் ஒன்றும் செய்ய முடியாது. அதைக் கிளியும் காக்கையும் மயிலும்தான் தின்னும். எந்தப் பறவை பெருக வேண்டும், எது ஒதுங்க வேண்டும் என்பதை நாம் தோட்டத்தில் தொங்கவிடும் தீனிக்கிண்ணம் தீர்மானிப்பதைவிட, ஊரின் பயிர் வெகு அழுத்தமாகத் தீர்மானிக்கிறது. இதோடு கிளுவையும் கள்ளியும் காரையும் பின்னிக் கிடந்த உயிர்வேலி போய்க் கல்லுக்காலும் முள்கம்பியும் வந்தன. நான்குவழிச் சாலைக்காகப் புளியமரங்கள் போயின. கௌதாரிக்கு ஒளிவிடம் போயிற்று, தவிட்டுக்குருவிக்குக் கூடுகட்ட முள் போயிற்று.

பழங்காலத்தைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கில்லை. குருவியை வளர்த்த அதே குடியானவர் பரண் கட்டி, கவண்கல் வீசிக் கிளியை விரட்டியவர். தினைப்புனத்தில் கிளி ஓட்டும் பெண்கள் இல்லாத குறிஞ்சித் திணை ஏது? மத்தியானம் காக்கைக்குச் சோறு, காலையில் கிளிக்குக் கல்: இரண்டும் ஒரே வீட்டில் நடந்தன. இதில் முரண் எதையும் அவர்கள் காணவில்லை.

காக்கைக்கு வருவோம், ஏனென்றால் தமிழர் கையால் வைத்த தீனி என்றால் முதல் பந்தி அதற்குத்தான். குறுந்தொகையின் 210ஆம் பாட்டைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் வந்துவிட்டது. விருந்து வரும் என்று கரைந்த காக்கைக்கு, நெய் வார்த்த சோற்றை ஏழு கலத்தில் கொடுத்தாலும் போதாது என்பது பாட்டின் பொருள். கவனித்தால் இது இரக்கத்தில் பிறந்த தீனி இல்லை, நல்ல செய்தி சொன்னதற்குக் கொடுக்கும் கூலி. அமாவாசைச் சோறும் அப்படித்தான். காக்கை அங்கே பறவையாக வருவதில்லை, முன்னோரின் சார்பில் வருகிறது. மாட்டுப்பொங்கலன்று மஞ்சள் இலையில் வண்ணச் சோறு பிடித்துவைக்கும் கணுப்பிடியில் உடன்பிறந்தவர்களுக்கான வேண்டுதல். காக்கை பசியாறுவது இவற்றின் உபபலன்.

வேப்பூர்ப் பக்கத்தில் இன்றும் உலை வடித்ததும் ஒரு கவளத்தை மதில்மேல் வைத்துக் ‘கா... கா...’ என்று குரல் கொடுக்கும் ஆயாக்கள் இருக்கிறார்கள். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதல் காக்கை நேராக இறங்காது. மின்கம்பியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து, வைத்தவர் உள்ளே போகும்வரை பார்க்கும். பக்கவாட்டில் இரண்டு தத்து, பின்னால் ஒரு தத்து. முதல் வாயைக் கவ்வியதும் தொண்டைப் பை புடைக்க அடைத்துக்கொண்டு எழும்பிவிடும். காய்ந்த முறுக்குத் துண்டோ எலும்போ கிடைத்தால் தண்ணீர்ச் சட்டிக்குக் கொண்டுபோய் ஊறவைத்துத் தின்னும். குருவிக்கென்று தண்ணீர் வைத்த வீடுகளில் மாலைக்குள் சட்டி கலங்கிக் கிடப்பது இதனால்தான். ஆயாவுக்கு அந்தக் காக்கைகளை அடையாளம் தெரியுமோ என்னவோ, காக்கைக்கு ஆயாவைத் தெரியும் என்று நம்ப இடமுண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஜான் மார்ஸ்லஃப் குழு, 2006-இல் ஒரு குகைமனித முகமூடியைப் போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து வளையமிட்டு விட்டது. பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் சூழ்ந்து கத்தின. பிடிபடாத காக்கைகளும் மற்றவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. அது வேறு இனம். ஆனாலும் கூட்டைக் கலைத்த ஒரே ஆளின் மண்டையைத் தேடித் தேடிக் கொத்தும் நம்மூர்க் காக்கையைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

காக்கைச் சோற்றில் மறைமுகப் பங்காளி ஒருவரும் உண்டு. குயில் காக்கைக் கூட்டில்தான் முட்டையிடுகிறது. மதிலில் வைத்த சோறு காக்கையின் தொண்டைப் பை வழியாகக் குயில் குஞ்சுக்கும் போய்ச் சேரும். மறுபக்கம், காக்கை பெருகிய இடத்தில் சின்னானும் தேன்சிட்டும் முட்டையையும் குஞ்சையும் காப்பாற்றப் படாதபாடு படுகின்றன. ஒரு கவளச் சோறு யாரையும் அழித்துவிடாது. ஆட்டுச் சந்தைக் கழிவும் சாலையோர உணவகங்களின் எச்சிலும் வைக்கும் விருந்துதான் பெரிய விருந்து. கவளத்தைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. குப்பைமேட்டைப் பற்றிப் பேசாமல் கவளத்தைப் பற்றி மட்டும் பேசுவது வசதியான பேச்சு.

தமிழர் போன இடத்துக்குக் காக்கையும் போயிருக்கிறது. காபித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று 1890-களில் இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளான் பகுதிக்கு வீட்டுக்காக்கையைக் கப்பலில் கொண்டுபோனார்கள். புழு தின்றதோ இல்லையோ, காக்கை பெருகியது. பக்கத்துச் சிங்கப்பூரில் அது இன்று தொல்லைப் பறவை; 2020 முதல் அங்கே காட்டுயிர்களுக்கு உணவிடுவதே சட்டப்படி குற்றம். மதிலில் வைத்த அமாவாசைச் சோறு இங்கே புண்ணியம், அங்கே அபராதம். இரண்டு ஊரிலும் காக்கை ஒன்றேதான்.

கையால் வைக்கும் தீனி எவ்வளவு பெரிதாக வளரலாம் என்பதற்குச் சென்னை ராயப்பேட்டையில் ஓர் உதாரணம் உண்டு. கேமரா சேகர் என்று அறியப்பட்ட ஜோசப் சேகர், பழைய கேமராக்களைச் சேகரித்துப் பழுதுபார்ப்பவர். 2004 சுனாமிக்குப் பிறகு அவருடைய மொட்டைமாடிக்கு ஓரிரு பச்சைக்கிளிகள் வந்தன. அரிசி வைத்தார். சில ஆண்டுகளில் காலையும் மாலையும் ஆயிரக்கணக்கான கிளிகள் பலகைகளில் வரிசைகட்டின. மழைநாளிலும் ஊரில் இல்லாத நாளிலும் விட்டுவிட முடியாத வேலையாக அது அவர் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காணொளிகளைப் பார்த்து மாடியில் அரிசி தூவத் தொடங்கியவர்கள் பலர். அவர்கள் பார்க்காதது பலகை கழுவுவதையும் எச்சம் அள்ளுவதையும்.

இந்தச் சுத்தப் பேச்சு வெறும் வீட்டு ஒழுங்கு இல்லை. பிரிட்டனில் தோட்டத்துப் பறவைக்குத் தீனி தொங்கவிடுவது தேசியப் பழக்கம். அதனால் தோட்டத்துக்கு வரும் இனங்களின் வகை நாற்பது ஆண்டுகளில் கூடியிருக்கிறது என்று 2019-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. அதே தீனிக் கூண்டுகளில்தான் 2005 முதல் கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சைக் குருவி செத்து விழத் தொடங்கியது. புறாக்களின் தொண்டையில் வாழும் டிரைக்கோமோனாஸ் என்ற நுண்ணுயிரி, எச்சில் பட்ட தானியத்திலும் தண்ணீரிலும் தொற்றியது. தொண்டை அடைத்து, விழுங்க முடியாமல் சாகும் நோய். எங்கும் காணக்கிடைத்த அந்தக் குருவியை 2021-இல் அந்நாட்டுப் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. காட்டில் சிதறித் தின்னும் பறவைகளை ஒரே தட்டில் கூட்டியதன் விளைவு இது. நம்மூர்த் தவிட்டுப்புறாவும் மணிப்புறாவும் வந்து குடிக்கும் சட்டிக்கும் இது பொருந்தும்.

மும்பையின் புறாக் கதை இன்னும் கசப்பானது. 2025 ஜூலையில் மாநகராட்சி, கபூதர்கானா எனப்படும் புறாத்தீனி இடங்களை மூடத் தொடங்கியது. எச்சத் தூசியால் நுரையீரல் நோய் வருகிறது என்பது காரணம். தாதரில் தார்ப்பாய் போட்டு மூடியதும் சமண சமூகத்தார் போராட்டத்தில் இறங்கினர். ஒருவருக்கு அது உயிரிரக்கம், பக்கத்து வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு. ராஜஸ்தானத்துக் கீச்சன் கிராமம் இதற்கு எதிர்த்துருவம். 1970-களில் சிறு கூட்டமாக வந்த கொக்கினப் பறவைகளுக்குத் ஊரார் தானியம் தூவத் தொடங்கினார்கள்; இன்று குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் அவை வந்திறங்குகின்றன. 2025-இல் அந்த ஊர் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் ஏறியது. அங்கே தீனி வைக்க வேலியிட்ட தனி மைதானம் இருக்கிறது, அருகே நீர்நிலை இருக்கிறது. மும்பையில் போக்குவரத்துச் சந்திப்பு.

வேப்பூர்த் தோட்டத்தில் எதை வைப்பது என்றால், எதை வைக்கக் கூடாது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இது நிலக்கடலைச் சீமை. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. ரகங்கள் இப்பக்கத்து உழவர்களுக்குப் பழக்கமானவை. மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கடலையை ‘மனுசன் திங்க ஆகாது, குருவி திங்கட்டும்’ என்று ஓரமாகக் கொட்டுவது உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் காரணம் புரியாமல் செத்தன. தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சுதான் அது என்று தேடிக் கண்டுபிடித்தபோதுதான் அஃப்லாடாக்சின் என்ற பெயரே உலகத்துக்குத் தெரிய வந்தது. ஈரல் கெட்டுச் சாகும். அந்த நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. மனிதன் ஒதுக்கிய கடலை பறவைக்கும் ஒதுக்க வேண்டியதே.

இன்னொன்று விதைப்பில் மிஞ்சும் மக்காச்சோளம். பாக்கெட்டில் வரும் விதை சிவப்பும் இளஞ்சிவப்புமாக இருப்பது அழகுக்காக இல்லை. பூச்சிமருந்தும் பூஞ்சாணக்கொல்லியும் பூசியிருக்கிறது என்று எச்சரிக்கும் சாயம் அது. ஒரு பிடி மிச்சத்தை வாசலில் வீசினால் முதலில் வருவது புறாவும் மயிலும். உப்புப் போட்ட சோறு, மிக்சர், பிஸ்கட் பற்றியெல்லாம் நீட்ட வேண்டியதில்லை, சின்னப் பறவைக்கு அவை ஆகாது.

கம்பு, தினை, உடைத்த அரிசி: இவை நல்லவை, தின்பவர்களுக்கு. ஆனால் தோட்டத்துப் பறவைகளில் பாதிக்கு மேல் தானியமே தொடாதவை. கரிச்சானும் தையல்சிட்டும் பூச்சி தின்னிகள். குக்குறுவானுக்குப் பழம். தேன்சிட்டுக்குப் பூந்தேனும் சிலந்தியும். அவ்வளவு ஏன், தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும் குஞ்சு பொரித்த முதல் நாட்களில் தேடுவது புழுவைத்தான். கம்பைக் கொட்டிக் குவித்தாலும், மருந்தடித்துப் புழுவே இல்லாத தோட்டத்தில் குருவிக் குஞ்சு தேறாது. உலகச் சிட்டுக்குருவி நாளான மார்ச் 20 அன்று அட்டைப்பெட்டிக் கூடு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்களில் இந்தப் புழுவைப் பற்றி ஒரு பேச்சும் வருவதில்லை. பறவைக்கு விருந்து வைக்க ஆசைப்படுகிறவர் முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். வேம்பு ஒன்று இருந்தால் ஆனி, ஆடியில் பழம் தின்ன மைனாவும் சின்னானும் குயிலும் தாமாக வரும். தின்ற பறவைகளே விதையையும் மின்கம்பிக்கடியில் ஊன்றிவிட்டுப் போகும்.

உண்மையில் இந்த ஊரில் கையால் வைக்க வேண்டிய பொருள் தண்ணீர். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பறவைக்கு வியர்வை கிடையாது. அலகைத் திறந்து தொண்டையை அதிரவிட்டுத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படிச் செய்யும்போதே உடம்பு நீரும் போய்விடும். பூச்சியும் பழமும் தின்பவைக்கு உணவிலேயே ஈரம் உண்டு. உலர்ந்த தானியம் தின்னும் புறாவுக்கும் குருவிக்கும் சில்லைக்கும் தினமும் தண்ணீர் வேண்டும். ஏரி வற்றிய மாதத்தில் அவை எங்கே போகும்?

சட்டியைப் பற்றிப் பீங்கான் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சொல்லாமல் விட முடியாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே தோண்டி எடுக்கும் களிமண்தான் விருத்தாசலத்துச் சூளைகளுக்கு மூலப்பொருள். மின்கம்பத்து இன்சுலேட்டர், ஃப்யூஸ், அகல் விளக்கு, பொம்மை என்று அங்கே பலவும் ஆகின்றன. பீங்கானை 1,200 டிகிரிக்கு மேல் சுட்டு, மேலே மினுமினுப்புப் பூச்சும் ஏற்றினால் தண்ணீர் துளிகூட உள்ளே இறங்காது. மின்சாரத்துக்கு அது அவசியம், பறவைச் சட்டிக்கு அதுவே குறை. வேப்பூர்ச் சந்தையில் சட்டி விற்கும் அம்மாவிடம் கேட்டால் விடை கிடைத்துவிடும்.

“ஏம்மா, குருவிக்குத் தண்ணி வைக்க ஒரு சட்டி வேணும்.”

“பளபளன்னு இருக்கிறது வேணாங்க, காலு வழுக்கும். இந்தா, இந்த மடக்கை எடுத்துக்குங்க. சொரசொரன்னு இருக்கும், தண்ணியும் சில்லுன்னு நிக்கும்.”

மூன்று வாக்கியத்தில் விஷயம் முடிந்தது. குறைந்த சூட்டில் சுட்ட மண்சட்டியின் நுண்துளை வழியாக நீர் கசிந்து ஆவியாகும்போது மீதி நீர் குளிரும். சொரசொரப்பு நகத்துக்குப் பிடிமானம். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஆழமான பாத்திரத்தில் சிறு பறவை மூழ்கும். நடுவில் ஒரு கல். பூனை பதுங்கப் புதர் இல்லாத, ஆனால் தாவி ஒளியக் கிளை இருக்கிற நிழல். தண்ணீரைத் தினமும் கொட்டித் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டால் புறா எச்சிலும் போகும், கொசுப்புழுவும் வளராது.

அப்படி வைத்த ஒரு மடக்குக்கு மத்தியானம் தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்தால் பார்க்கத் தக்கது. ஏழெட்டு வரும். ஒன்று மட்டும் முருங்கைக் கிளையில் ஏறிக் காவலுக்கு நிற்கும். மற்றவை விளிம்பில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அலகில் மொண்டு, தலையை அண்ணாந்து விழுங்கும். இரண்டு உள்ளே இறங்கி வயிறு நனைய அமர்ந்து சிறகை அடிக்க, பாதித் தண்ணீர் வெளியே போய்விடும். வெளியே வந்து ஒன்றின் கழுத்தை ஒன்று கோதும். பிறகு குளித்த ஒன்று கிளைக்கு ஏறும், காவலில் நின்றது இறங்கி வரும். அவை போன பின்பு வரும் தவிட்டுப்புறா வேறு மாதிரி. அலகை நீரில் அழுத்தி, தலையைத் தூக்காமல் ஒரே மூச்சில் உறிஞ்சும். புறா இனம் இப்படித்தான் குடிக்கும். வல்லூறு வட்டமிட்டால் கிளையிலிருந்து ஒரு கரகரப்பு, நொடியில் சட்டி காலி.

பறவையோடு நட்பு என்று சொல்வதற்கு இவ்வளவு போதுமா? இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் லென் ஹோவர்டு என்ற பெண்மணி, தன் சிறு வீட்டின் ஜன்னல்களைத் திறந்தே வைத்து வாழ்ந்தார். பட்டாணிக்குருவி இனத்துப் பறவைகள் உள்ளே வந்து மேசையில் தின்று, அறைக்குள்ளேயே இரவு தங்கின. முகத்தையும் நடையையும் வைத்து ஒவ்வொன்றையும் பிரித்தறிந்து, 1952-இல் பறவைகளைத் தனிநபர்களாக விவரிக்கும் நூலை வெளியிட்டார். ஆராய்ச்சிக்கூடம் இல்லை, கூண்டு இல்லை. அவர் வைத்த தீனியைவிட அவர் விட்டுக்கொடுத்தவைதான் அதிகம். பறவைகள் மிரளும் என்று விருந்தாளிகளையே தவிர்த்தார்.

விட்டுக்கொடுத்ததற்கு நம் பக்கத்திலும் சான்று உண்டு. 2020-இல் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில், தெருவிளக்குகளின் சுவிட்சுப் பெட்டிக்குள் குருவி ஒன்று கூடுகட்டி முட்டையிட்டது. குஞ்சு பறந்து போகும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, கிராமத்தார் தெருவிளக்கையே போடவில்லை. ஒரு மணி தானியம்கூட இந்த நட்புக்குத் தேவைப்படவில்லை. கிளியைக் கூண்டில் அடைத்துப் பழமும் மிளகாயும் ஊட்டுகிறவர்கள் அதையும் நட்பு என்கிறார்கள். நாட்டுக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்கு இன்னும் தெரியாது.

கடைசியாக மயில். தோட்டத்தில் கம்பு தூவி மயிலைப் பழக்குவது இப்போது வேப்பூர் வட்டாரத்திலும் தொடங்கியிருக்கிறது. பழகிய மயில் வேலிக்குள் நிற்காது. பக்கத்துக் கொல்லையில் ஊன்றிய விதையைக் கிளறும், கடலைச் செடியைக் கொத்தும், முற்றிய கதிரை உரிக்கும். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பறவை. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. விரட்டவும் ஆள் இல்லாத, இழப்பீடு கேட்டு அலையவும் நேரமில்லாத உழவர் மருந்து வைக்கத் துணிகிறார். வழக்கு அவர் மேல்தான் பாயும், கம்பு தூவியவர் மேல் பாயாது. தன் தோட்டத்து அழகுக்கு அடுத்தவர் வயலில் சாப்பாடு போடச் சொல்லும் இந்த ஏற்பாட்டை நட்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே வயல்களில் வேறொரு வகைத் தீனியும் நடக்கிறது. செய்கிறவர்கள் அதைப் பறவை வளர்ப்பு என்று நினைப்பதே இல்லை. 2018-இல் படைப்புழு வந்து மக்காச்சோளக் குருத்துகளைச் சல்லடையாக்கியபின் வேளாண் துறை சொன்ன யோசனைகளில் பறவைத் தாங்கியும் ஒன்று. ஏக்கருக்கு 10 முதல் 20 வரை, குறுக்குக் கட்டை கட்டிய கம்புகளைப் பயிருக்கு மேலே தலைநீட்டும்படி ஊன்றுவார்கள். கரிச்சான் வந்து உட்கார்ந்து குருத்தை நோட்டமிடும். புழு நெளிந்தால் பாய்ந்து கவ்விக்கொண்டு கட்டைக்கே திரும்பும். மைனாவும் வரும். செலவு கம்பும் கயிறும்தான். பயிரின் முதல் மாதத்துக்குத்தான் இந்த உபசாரம். கதிர் பால்பிடிக்கும் முன்பே கட்டைகளைப் பிடுங்கி வரப்போரம் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வந்து உட்காருவது கிளி.